கோலம் போடாத வாசல்

உ
சிவமயம்

கானாடுகாத்தான்,
மார்கழி 20

அன்புள்ள அய்யாவுக்கு ஆத்தா எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். நீ, மருமகள், பேராண்டி சுகத்துக்கு எழுதவும். பிள்ளையார் நோன்புக்குக் கனடாவில், உங்கள் கால்கரியில், நாலு வீட்டார் சேர்ந்து நூல்திரியை மாவில் ஏற்றி இழை எடுத்துக்கொண்ட படம் வந்தது. ஆவாரம்பூவுக்கு என்ன செய்தீர்கள் என்பது மட்டும் படத்தில் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. குக்கர் விசில் அடித்தது என்று வைத்துவிட்டேன். குக்கர் பொய். யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. தெருக்காவலுக்குப் பேர் கொடுக்கச் சொல்லி உங்கள் குடியிருப்பில் வந்து கேட்டார்கள், கொடுக்கவா வேண்டாமா என்றாய். "வேலை முடிஞ்சு வந்து, அந்தக் குளிர்ல எதுக்கு ஆத்தா" என்று நீயே பதிலும் சொல்லிக்கொண்டாய். குளிர் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் நம் தெருக் கதை. நம் தெருவில் 23 வீடு, ராத்திரி விளக்கெரிவது ஒன்பதில். மற்றதெல்லாம் பங்காளிகளுக்குள் பிரியாமல் பூட்டிக் கிடக்கிறது. ஒரு சாவி சென்னையில், ஒன்று மலேசியாவில். போன வருஷம் கோடி வீட்டுக்காரர்கள் அறுபதாங்கல்யாணத்துக்கு வந்து திறந்தால், பின்தெருக் கதவில் ஒரு பலகையே இல்லை. பித்தளை அண்டா, எனாமல் தூக்குகள், இரண்டு தஞ்சாவூர்ப் படம், வளவில் கழற்ற முடிந்த தேக்குச் சட்டம், எல்லாம் போயிருந்தது. எந்த மாதம் போனது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. ஸ்டேஷனில் தேதி கேட்கிறார்கள், என்னத்தைச் சொல்வது? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்கள். நம்முடையது எது, அடுத்தவருடையது எது என்று தூக்குச்சட்டியா வாய் திறந்து சொல்லும்?

அதற்குப் பிறகுதான் காவல் ஆரம்பித்தது. பதினோரு மணியிலிருந்து இருவர் இருவராகச் சுற்றுவார்கள். டார்ச், விசில், ஒரு நோட்டு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நம் வீடுகள் நீண்டு கிடப்பதால் ஒரு வீட்டைப் பார்க்க இரண்டு தெரு நடக்க வேண்டும். அதை யாரும் முதலில் யோசிக்கவில்லை. முதல் வாரம் முன்தெருவை மட்டும் சுற்றிவிட்டுப் பெருமையாக வந்து படுத்தார்கள். இப்போது போலீஸ்காரர் வந்து கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் முக்கு வீட்டில் தொங்குகிறது. பூட்டிய வீட்டுப் பட்டியலும் ஸ்டேஷனில் கொடுத்தாகிவிட்டது. கோவில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை தொடங்கினால் காவல் முடிந்தது என்று கணக்கு. கேமராவும் நாலு மாட்டியிருக்கிறார்கள். இதுவரை அதில் விழுந்தது குரங்குகள்தான்.

நோட்டு எழுதும் வேலை என்னுடையது. முழங்கால் வலிக்காரி சுற்ற முடியாது, எழுதலாம். எந்த வீடு, சாவி யாரிடம், போன் நம்பர் என்ன. கதவுகளை மட்டும் எழுதினேன், மனுஷரை எழுதவில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று இந்த மார்கழி ஐந்தாம் தேதி தெரிந்தது.

எதிர்வீட்டு ஆச்சியை உனக்கு நினைவிருக்கும். சீடைக்காகக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பாயே. 81 வயசு, தனியாக இருக்கிறார்கள். மார்கழி முப்பது நாளும் ஐந்து மணிக்கு வாசல் தெளித்து, கோலத்தின் நடுவில் பூசணிப்பூ வைத்துவிடுவார்கள். அன்று ஆறரைக்கு நான் கதவைத் திறந்தேன். எதிரே வாசல் காய்ந்து கிடந்தது. தட்டினேன், பதில் இல்லை. உள்தாழ்ப்பாள். அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டாம், யானை முட்டினாலும் அசையாது. பின்வாசல் சாவி சமையல்காரம்மாளிடம் என்று நோட்டில் இருந்தது. அவளைக் கூட்டிவந்து திறக்க ஏழேகால்.

இரண்டாங்கட்டில், முற்றத்து ஓரத்தில் கிடந்தார்கள். மூன்றரைக்கு எழுந்து போனவர்கள். ராத்திரிப் பனியும் தூறலும் விழுந்து ஆத்தங்குடிக் கல் கண்ணாடியாக இருந்திருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அங்கிருந்து கூப்பிட்டால் முகப்புக்கே கேட்காது, தெருவுக்கு எங்கே கேட்கும்? அந்த நாலு மணி நேரத்தில் காவல்காரப் பிள்ளைகள் இரண்டு தடவை அதே கதவைத் தாண்டி, பூட்டு சரியாக இருக்கிறது என்று டிக் போட்டுப் போயிருக்கிறார்கள். 108 வந்தது, காரைக்குடி, அங்கிருந்து மதுரை. இடுப்பெலும்பு. இப்போது தேவலை. நேற்று போனில், "என் பூசணிக்கொடிக்குத் தண்ணி ஊத்துறியா" என்று அதட்டல் வந்தது, அதனால் பிழைத்துக்கொள்வார்கள்.

நோட்டைத் திருப்பி எழுதினேன். தனியாக இருப்பவர் யார், எத்தனை மணிக்கு வாசல் தெளிப்பார், மருந்து என்ன, பிள்ளைகள் எங்கே. ராத்திரி எட்டு மணிக்கு ஆளுக்கொரு வீடாகப் போன். முற்றத்து ஓரமெல்லாம் பழைய சாக்கு விரித்தாகிவிட்டது. அழகு போயிற்று என்று இரண்டு பேருக்கு வருத்தம்.

இதை எழுதும்போதெல்லாம் உன் வீட்டு வாசல்படிதான் கண்ணில் நிற்கிறது. நான் அங்கே இருந்த குளிர்காலத்தில் ஒருநாள் திடீரென்று வெதுவெதுப்பாக ஒரு காற்று அடித்ததே, சினூக் என்றாயே. பனியெல்லாம் ஓடித் தண்ணீராகி, நான்கூட ஸ்வெட்டரைக் கழற்றினேன். மறுநாள் காலை அதே தண்ணீர் உறைந்து, ஈரம் மாதிரி தெரிந்தது, கால் வைத்தால் வழுக்கியது. பனி கொட்டுகிற அன்றைக்கு எல்லாரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். கால்கரியில் விழுவதெல்லாம் அந்த மறுநாள்தான் என்று நான் நினைக்கிறேன். பனி நின்று 24 மணி நேரத்துக்குள் வீட்டுமுன் நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது உங்கள் ஊர்ச் சட்டம். நீ உன் எல்லை வரைக்கும் ஸ்கேலால் கோடு போட்ட மாதிரி வாருவாய். பக்கத்து வீட்டுத் தாத்தா தடியூன்றிக்கொண்டு ஜன்னலில் நின்று பார்ப்பார். அடுத்த தடவை அவர் பக்கத்தையும் சேர்த்து வாரு, இன்னும் இருபது அடிதானே. மைனஸ் பத்துக்குக் கீழே போனால் உப்பு சரியாக வேலை செய்யாதாம், மணலைத் தூவு. தீயணைப்புக் குழாய் பனிக்குள் புதைந்திருந்தால் அதையும் தோண்டி விடு.

இன்னொன்று. போன மாதம் மழையில் நம் காவல்காரப் பிள்ளைகள் இருவர் முகப்பு அறையைச் சாத்திக்கொண்டு கும்மட்டியில் கரி போட்டுக் குளிர்காய்ந்தார்கள். இரண்டு பேருக்கும் மண்டையிடி, வாந்தி. இன்னும் அரைமணி இருந்திருந்தால் என்று டாக்டர் சொல்லிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கரி எரிந்து வருகிற அந்த வாயுவுக்கு, கார்பன் மோனாக்சைடாம், நிறமும் இல்லை, மணமும் இல்லை. உன் வீட்டுப் பக்கச் சுவரில் ஆவி வருகிற குழாய் ஒன்று உண்டே, வீட்டைச் சூடாக்கும் மெஷினுடையது, நான் துண்டு காயப்போட்டு உன்னிடம் திட்டு வாங்கியது. பனி குவிந்து அது அடைத்தால் அதே வாயு வீட்டுக்குள் வரும். ஒவ்வொரு பனிக்கும் அதைப் பார். அந்த வாயுவுக்கான அலாரத்தின் பேட்டரியையும் பார். காரைக் கொட்டகைக்குள் நிறுத்தியபடியே சூடேற்றாதே.

இனி நீ சொல்லாத காரணம்.

நீ அங்கே போன முதல் வருஷம். ராத்திரி என்னோடு போனில் பேசிக்கொண்டே உன் தெருவில் நடந்துகொண்டிருந்தாய். நடுவில் இங்கிலீஷில் ஒரு அதட்டல் குரல் கேட்டது. "ஆத்தா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்தாய். 40 நிமிஷம், அய்யா. நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பட்டாலையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு வீட்டுக்காரர், ஆள் புதுசாக இருக்கிறான், வீடு வீடாகப் பார்க்கிறான் என்று போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்று சிரித்தாய். அதற்குப் பிறகு நீ ராத்திரி நடந்ததில்லை.

ஐப்பசியில் நம் தெருவிலும் ஒரு ராத்திரி அப்படி நடந்தது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, லாரியில் வந்து இறங்கிய ஒரு கொத்தனார், வேலைக்கு வந்த வீடு தெரியாமல் கதவு கதவாகத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறார். நம் பிள்ளை ஒருத்தன் கை நீட்டிவிட்டான். சத்தம் கேட்டு நான் போனபோது அந்த மனுஷர் கரணைப் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த 40 நிமிஷம் ஞாபகம் வந்தது. காலையில் அவனை இழுத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தேன். அவர் காபியைக் குடித்தார், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் அப்பச்சி இருந்தால் அவனை விட்டிருக்க மாட்டார். 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் 'போலீஸ் நண்பர்கள்' என்று ஆரம்பித்து, அது தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது அப்பச்சியும் சேர்ந்தார்கள். "நமக்குக் கண்ணும் வாயும்தான், கை கிடையாது" என்பார்கள். சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன தகப்பனும் மகனும் இறந்தபின், இந்த நண்பர்கள்மேல் வந்த புகார்களால் 2020-ல் அரசாங்கமே அந்த அமைப்பைத் தடை செய்தது. அதைப் பார்க்க அப்பச்சி இல்லாததும் நல்லதுதான். இப்போது எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: கேள், ஒதுங்கி நில், 100-க்குப் போடு. தொடாதே. உங்கள் ஊரிலும் அதேதானே சொன்னார்கள்?

அதனால் பேர் கொடு. புதுசாகக் குடிவந்த ஒருத்தன் ராத்திரி நடந்தால் போலீஸுக்குப் போன் போவதற்கு முன்னால் "வாங்க, எந்த வீடு?" என்று கேட்க அந்தத் தெருவில் ஒரு ஆள் வேண்டும், உன்னைவிட அதற்குத் தகுதியான ஆள் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பளபளப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாலு தடவை சுற்றினால் உன் முகமும் அவர்களுக்குப் பழகிவிடும். யார் வீட்டில் விளக்கு எத்தனை மணிக்கு அணையும் என்று உனக்கும் தெரியும். காற்றோடு சேர்த்து மைனஸ் 28-க்குக் கீழே போனால் அரைமணிக்குள் தோல் உறைந்துவிடும் என்று உங்கள் வானிலைக்காரர்கள் சொல்கிறார்கள், அன்றைக்கு மட்டும் போகாதே. ஜன்னலிலிருந்து பார், போதும்.

நீ ஒன்பது மணிக்குக் கிளம்பினால் இங்கே காலை ஒன்பதரை. என் வேலையெல்லாம் முடிந்திருக்கும். போன் போடு, பேசிக்கொண்டே நட. காதில் மாட்டிக்கொள்கிறதை மாட்டிக்கொள், கையுறையைக் கழற்றாதே.

இப்படிக்கு,
ஆத்தா

பி.கு.: தை பிறந்ததும் ஒரு பிள்ளை கால்கரிக்கு வருகிறான், நம் ஊர்ப் பிள்ளைதான். கைமுறுக்கும் அப்பச்சியின் விசிலும் கொடுத்துவிடுகிறேன். ஊதிப் பார்த்தேன்; தெரு நாயெல்லாம் எழுந்துகொண்டது. முறுக்கில் பாதி பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு. பல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கொடு.