மணி உள்ள பழம்பொருள்களை வாங்குவோருக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்களிடம் கப்பல் மணிக் கடிகாரம் ஒன்றை வாங்கிச் சென்ற அன்பர் ஒருவர், நான்காம் நாளே அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குத் திரும்பி வந்துவிட்டார். நண்பகல் பன்னிரண்டுக்கு எட்டு முறை அடிக்கிறது, ஒரு மணிக்கு இரண்டு முறை அடிக்கிறது, நான்கு மணிக்கு மறுபடியும் எட்டு அடிக்கிறது, பழுதான பொருளைக் கொடுத்துவிட்டீர்களே என்பது அவருடைய மனக்குறை. கடிகாரம் சரியாகத்தான் இருந்தது. விற்கும்போதே விளக்கிச் சொல்லாதது எங்கள் தவறு. இதுபோன்ற ஐயங்கள் பலருக்கும் இருப்பதை அதன் பிறகு விசாரித்து அறிந்தோம். ஆகவே மணி உள்ள பொருள்களை நாங்கள் எப்படிப் பார்த்து வாங்குகிறோம், எதை வைத்து விலை சொல்கிறோம், வீட்டில் அவற்றை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பவற்றை இந்த மடலில் எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கப்பல் கடிகாரம். கப்பலில் மாலுமிகளின் காவல் நான்கு நான்கு மணி நேரமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அரை மணிக்கு ஒருமுறை மணற்கடிகாரத்தைத் திருப்பி வைப்பவர், திருப்பியதற்கு அடையாளமாக மணியை அடிப்பார். பன்னிரண்டரைக்கு ஓர் அடி, ஒரு மணிக்கு இரண்டு, ஒன்றரைக்கு மூன்று என்று ஏறிக்கொண்டே போய், நான்கு மணிக்கு எட்டு அடி விழுந்தால் ஒரு காவல் முடிந்தது, அடுத்தவர் வரலாம் என்று பொருள். அடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அடிப்பதுதான் வழக்கம் என்பதால், ஒன்றரை மணிக்கு இரண்டு அடி சேர்ந்து விழுந்து, சிறிது இடைவெளி விட்டு ஒற்றை அடி கேட்கும். காலை எட்டு, நண்பகல், மாலை நான்கு, இரவு எட்டு என எல்லாக் காவல் முடிவிலும் எட்டு அடிகள்தான். இந்த முறையை அப்படியே பின்பற்றும் கடிகாரங்களை அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த செல்சி நகரத்துச் செல்சி நிறுவனம் 1900-ஆம் ஆண்டையொட்டிச் செய்யத் தொடங்கி, இன்றுவரை செய்து வருகிறது. இதைச் சொன்னதும் அந்த அன்பர் கடிகாரத்தை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டார். இப்போது அவர் வீட்டுப் பிள்ளைகள் அடிகளை எண்ணியே நேரம் சொல்கிறார்களாம்.

செட்டிநாட்டு வீடுகளிலிருந்து எங்களுக்கு வரும் சுவர்க் கடிகாரங்களில் சிக்கல் வேறு விதமானது. அன்சோனியா, சேத் தாமஸ், ஜங்கன்ஸ் போன்ற பெயர்களை டயலில் தாங்கிய பெண்டுலக் கடிகாரங்களைப் பாட்டன் காலத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் உங்களில் பலர். முள் மூன்றில் நிற்க, மணி ஏழு அடிக்கும் கடிகாரம் ஒன்றாவது ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்திருக்கும். பழைய அமைப்பில், எத்தனை அடி என்பதை ஓரத்தில் வெட்டுகள் உள்ள ஒரு சக்கரம் வரிசைப்படி முடிவு செய்கிறது. முள் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. சாவி கொடுக்காமல் விட்டாலோ, முள்ளைப் பின்னோக்கித் திருப்பினாலோ இரண்டும் தனித்தனி வழியில் போய்விடும். பெரும்பாலான இத்தகைய கடிகாரங்களில், கடைசியாக எத்தனை அடித்ததோ அந்த எண்ணுக்குச் சின்ன முள்ளை மட்டும் மெல்ல நகர்த்தி வைத்து, பிறகு பெரிய முள்ளை முன்னோக்கியே திருப்பிச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தால் போதும். திருப்பும்போது ஒவ்வொரு மணியையும் அது அடித்து முடிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். 1676-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் பார்லோ கண்ட வேறோர் அமைப்பில் இந்தப் பிணக்கு வருவதில்லை, ஏனெனில் அடிகளின் எண்ணிக்கையைச் சின்ன முள்ளோடு சேர்ந்து சுற்றும் ஒரு தகடே தீர்மானிக்கிறது. உங்கள் கடிகாரம் எந்த வகை என்பதை இனி விற்பனைச் சீட்டிலேயே எழுதித் தருவோம்.

டயலில் உள்ள இரண்டு சாவித் துளைகளில் வழக்கமாக வலப்பக்கத்தது ஓட்டத்துக்கு, இடப்பக்கத்தது மணிக்கு. இரவில் தொந்தரவாக இருக்கிறது என்று மணிப் பக்கத்துக்குச் சாவி கொடுக்காமல் விடுவோர் உண்டு. பார்லோ வகைக் கடிகாரத்தில் அப்படி விட்டால், பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குப் போகும் இடத்தில் உறுப்புகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு முழுக் கடிகாரமும் நின்றுவிடக்கூடும். மணிக்கு மணியும் அரை மணிக்கு ஓர் அடியுமாக அடிக்கும் கடிகாரம் ஒரு நாளில் 180 முறை அடிக்கிறது. அத்தனை அடியையும் தாங்கி ஒரு நூற்றாண்டு ஓடிய இயந்திரத்தை வாரம் ஒருமுறை இரண்டு துளையிலும் சாவி கொடுத்துக் காப்பது பெரிய வேலையில்லை என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இனி, தனி மணிகள். ஒரே அளவுள்ள இரண்டு மணிகளில் ஒன்றுக்கு மற்றதைப் போல ஐந்து மடங்கு விலை சொல்கிறீர்களே என்று கேட்கிறீர்கள். கண்ணால் பார்த்தால் வேறுபாடு தெரியாது. காதால் கேட்க வேண்டும். நல்ல வெண்கல மணியில் ஏறத்தாழ நான்கு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்திருக்கும். அதை மேலே பிடித்துத் தொங்கவிட்டு, மரக்கட்டையால் விளிம்பருகே ஒருமுறை தட்டினால், நாதசுரக்காரர் பிடிக்கும் கார்வையைப் போல ஓசை பிசிறில்லாமல் நீண்டு, மெல்லத் தேய்ந்து அடங்கும். செம்போடு துத்தநாகம் சேர்ந்த பித்தளை மணியில் அந்தக் கார்வை சீக்கிரமே நின்றுவிடும். விரிசல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத மயிரிழையாக இருந்தாலும், ஓசை சளசளத்து அப்போதே செத்துவிடும். விரிசல் கண்டதெல்லாம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. லண்டன் நாடாளுமன்றத்தின் பெரிய மணியான பிக் பென் 1859-இல், ஒலிக்கத் தொடங்கிய ஆண்டிலேயே விரிசல் கண்டது. மணியைச் சற்றுத் திருப்பி வைத்து, எடை குறைந்த சுத்தியலைப் பொருத்தி, அந்த விரிசலோடுதான் இன்றளவும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் கடையில் விரிசல் உள்ள மணியை விரிசல் உள்ளது என்று எழுதிவைத்துத்தான் விற்போம்.

கப்பல் மணி என்ற பெயரில் வருபவற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் மொத்தமாக வாங்கிய பொருள்களோடு ஒரு மணி வந்தது. நன்றாகக் கறுத்து, ஓரத்தில் களிம்பு ஏறி, கப்பல் பெயரும் ஆண்டும் பொறித்த அழகான மணி. நாங்களும் பழையது என்றே நம்பி, பழையது என்றே விற்றோம். ஆறு மாதம் கழித்து வேறொரு வேலையாக அந்த வாடிக்கையாளர் வீட்டுக்குச் சென்றபோது, மணியைக் கவிழ்த்து உள்ளே விளக்கடித்துப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. பல்லாண்டுகள் அடிக்கப்பட்ட மணியில் நாக்கு படும் இடம் இருபுறமும் நேரெதிரே குழிந்து பளபளத்திருக்கும். அதில் அப்படிக் குழிவே இல்லை, அரத்தால் தேய்த்த கோடுகள் அப்படியே இருந்தன. எழுத்தின் ஓரங்களும் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தன. பணத்தை அன்றே திருப்பிக் கொடுத்தோம். அந்த மணியை விற்க மனம் வராமல், உள்பக்கம் எப்படி இருக்கக் கூடாது என்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் கடையிலேயே வைத்திருக்கிறோம். வந்தால் கேட்டுப் பாருங்கள்.

டைட்டானிக் என்றும் 1912 என்றும் பொறித்த மணிகள் எல்லா ஊர்ச் சந்தையிலும் கிடைக்கின்றன. அலங்காரப் பொருளாகச் செய்து அப்படியே விற்பதில் குற்றமில்லை; ஆனால் அந்தக் கப்பலின் கண்காணிப்புக் கூண்டில் இருந்த மணி 1987-இல்தான் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அறிந்தவர் ஏமாற மாட்டார். உண்மையான கப்பல் மணிகள் நம் நாட்டில் பெரும்பாலும் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப்படும் கப்பல்களிலிருந்து வருகின்றன. கப்பல் கைமாறிப் பெயர் மாறினாலும் மணியில் முதற்பெயரை அப்படியே விட்டுவைப்பது பல இடங்களில் வழக்கம் என்பதால், மணியில் ஒரு பெயரும் கப்பலில் வேறு பெயரும் இருப்பது சந்தேகத்துக்குரியது ஆகாது. லண்டன் லாயிட்ஸ் காப்புறுதி மாளிகையில் தொங்கும் மணி, 1799-இல் டச்சுக் கரையோரம் மூழ்கிய லூட்டின் என்ற கப்பலிலிருந்து 1858-இல் மீட்கப்பட்டது. அதில் பொறித்திருப்பதோ ST. JEAN, 1779 என்று.

தமிழ் பொறித்த கப்பல் மணியும் ஒன்று உண்டு. இந்தக் கடையில் அமரும் ஒவ்வொரு நாளும் அதை நினைத்துக்கொள்கிறோம். நியூசிலாந்தின் வாங்கரே பகுதியில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திவந்த, விளிம்பு உடைந்த வெண்கல மணி ஒன்றை 1836-ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலன்சோ என்ற பாதிரியார் கண்டெடுத்தார். முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்ற பொருளில் அதைச் சுற்றிப் பழந்தமிழ் எழுத்து ஓடுகிறது. இப்போது அது வெலிங்டன் நகரத்துத் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பலும் போய், நாக்கும் போய், விளிம்பும் போன பின் அந்த மணியைத் தமிழர் மணி என்று உலகுக்குச் சொன்னவை அந்த எழுத்துகள் மட்டுமே. அடுப்பில் ஏறியும் அவை அழியவில்லை.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், ஆயுத பூஜை நெருங்குகிறது. புளியும் சாம்பலும் போட்டு எல்லாவற்றையும் தேய்த்துப் பளிச்சென்று வைப்பது நம் வீடுகளின் வழக்கம். அன்றாடம் புழங்கும் குத்துவிளக்குக்கும் பூசை மணிக்கும் அது பொருந்தும். பழைய மணியைத் தயவுசெய்து அப்படித் தேய்க்காதீர்கள். புளியும் பிராசோ என்ற மெருகுத் திரவமும் கருமையோடு சேர்த்து எழுத்தின் ஓரத்தையும் தின்றுவிடும். ஆண்டுதோறும் தேய்த்துப் பெயரே மழுங்கிப்போன மணிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். பச்சையாகக் களிம்பு பூத்துப் பொடி உதிர்ந்தால் மட்டும் எங்களிடம் கொண்டு வாருங்கள்.

கப்பல் மாதிரிகளை வாங்குவோர் சிலரே என்பதால் ஒரு சொல். முன்தளத்தையொட்டிச் சிறு சட்டத்தில் தொங்கும் மணியை அளவு கெடாமல் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் செய்த கப்பலில், ஓரடி உயர மணி ஆறு மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். மிளகைவிடச் சற்றே பெரியது. அதைக் கடையில் கிடைக்கும் கொலுசு மணியால் நிரப்பிவிட்ட மாதிரிகளை நாங்கள் வாங்குவதில்லை. தூசியை ஓவியத் தூரிகையால் தட்டினால் போதும்.

கோயில் மணிகள் எங்களிடம் ஏன் இல்லை என்றும் கேட்கிறீர்கள். கோயிலின் பெயரோ, கட்டளை கொடுத்தவரின் பெயரோ பொறித்த மணியை எவர் கொண்டு வந்தாலும் நாங்கள் வாங்குவதில்லை. அது சாமியின் சொத்து, கொண்டு வந்தவருக்கு விற்க உரிமை இருப்பதற்கில்லை. வெளிநாட்டில் வாழும் வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் எவரும் இந்தியாவை விட்டு வெளியே அனுப்ப முடியாது. பெட்டியில் வைத்து அனுப்பிவிடுங்கள் என்று கேட்டு எங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் மாட்டிவைத்து, வரும்போதெல்லாம் அடித்துக் கேட்டு மகிழுங்கள்.

இந்த மாதம் முதல் ஒவ்வொரு மணியோடும் கடிகாரத்தோடும் ஒரு சீட்டு தருகிறோம். பழையதா, புதிய வார்ப்பா, எந்த உறுப்பு மாற்றப்பட்டது, விரிசல் உண்டா என்பவை அதில் இருக்கும். முன்பு எங்களிடம் வாங்கியவர்களும் பொருளைக் கொண்டு வந்தால் கட்டணமின்றிப் பார்த்து எழுதித் தருவோம். கடிகாரமானால் பெண்டுலத்தைக் கழற்றித் தனியே துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள். மணியானால் நாக்கைக் காகிதத்தால் கட்டி ஆடாமல் கொண்டு வாருங்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்
காரைக்குடி