பத்தாம் வசனத்தோடு ஏன் நிறுத்தினீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சபை ஒற்றுமை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘முறுமுறுக்கிறவர்களே சபையை உடைக்கிறார்கள்’ என்று ஒரு வரி. என்னைப் போன்றவர்களைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். நன்றி.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. தங்கள் விதவைகளைச் சரியாக விசாரிக்கவில்லை என்று கிரேக்கம் பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். வேதத்திலும் அதே சொல்தான். அப்போஸ்தலர்கள் அவர்களை அடக்கவில்லை. சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கத்துக்கே பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

எங்கள் சபையில் கட்டட நிதிக் கணக்கைக் கேட்டேன். முதலில் தனியாக, இரண்டு முறை. பிறகுதான் ஆண்டுக் கூட்டத்தில். அடுத்த ஞாயிறே, மோசேக்கு விரோதமாக எழும்பிய கோராகின் கலகம் பற்றிப் பிரசங்கம். பூமி வாய் திறந்து விழுங்கிய இடம் வந்ததும் போதகர் சற்று நிறுத்தி, என் வரிசையைப் பார்த்தார். பிரசங்க பீடத்திலிருந்து வரும் பதிலுக்குக் கை தூக்கி மறுகேள்வி கேட்க முடியுமா? குற்றம் செய்த சகோதரனிடம் ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ அதை உணர்த்து என்கிற மத்தேயு 18:15 விசுவாசிகளுக்கு மட்டும்தான், போதகர்களுக்கு இல்லை போலிருக்கிறது.

பிறகு ஒப்புரவு ஆராதனை ஒன்று வைத்தார்கள். கைகுலுக்கினோம், போட்டோ எடுத்தார்கள். என்ன நடந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தப் போட்டோவில் சிரித்த நான்கு குடும்பங்கள் இன்று வேறு சபையில். கணக்கு இன்னும் வரவில்லை. ‘சமாதானம் மலர்ந்தது’ என்று அதே போட்டோவை நீங்கள் வெளியிட்டீர்கள். நான் அனுப்பிய மறுப்புக்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

போகட்டும். கட்டுரையின் தலையில் 1 கொரிந்தியர் 1:10ஐக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள், பிரிவினை கூடாது என்று. அடுத்த வசனத்தில், உங்களுக்குள் வாக்குவாதம் உண்டென்று எனக்கு அறிவித்தவர்கள் குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் என்று கொரிந்து சபைக்கு எழுதுகிறார் பவுல். அறிவித்தவர்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் சொன்னதை வைத்துத்தான் அந்தப் பகுதியையே எழுதினார்.

அடுத்த இதழில் 11ஆம் வசனத்தையும் அதே கட்டத்தில் போடுங்கள். இரண்டு மூன்று வரிதான். இந்த முறை இடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்