மாத்திரைய மட்டும் குத்தம் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பத்தி போன வாரம் நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். இத பத்தி எழுதறதே பெரிய விஷயம், நன்றி. ஆனா கருத்தடை மாத்திரைதான் காரணங்குற மாதிரி தலைப்புல பெருசா போட்டுட்டு, இத உண்டாக்குற வைரஸ கடைசி பத்தில ஒரே வரில முடிச்சிட்டீங்க, அதான் மனசு கேக்கல. அத படிச்சிட்டு எங்க அக்கா அன்னைக்கு ராத்திரியே மாத்திரை அட்டைய குப்பைல போட்டுட்டா, பாதி மாத்திரை அப்படியே இருக்கு. சரி, டெஸ்ட் பண்ணிக்கிட்டியாக்கான்னு கேட்டா, அதான் மாத்திரைய நிறுத்திட்டேனே, இனிமே எதுக்குங்குறா. நான் பயந்தது இதுக்குத்தான்.

இந்த கேன்சர் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே அடிப்படை எச்பிவிங்குற ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்தான். 1983ல ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் குழு இதுல 16ம் வகைய கண்டுபிடிச்சாங்க, அடுத்த வருஷம் 18ம் வகைய, அதுக்காக அவருக்கு 2008ல நோபல் பரிசும் கிடைச்சது. இந்த ரெண்டு வகை மட்டுமே சுமார் 70 சதவீதம் கேன்சருக்கு காரணம். தாம்பத்யத்துல இருக்குற பெரும்பாலானவங்களுக்கு இது எப்பவாவது ஒரு தடவ தொத்திரும், அதனால பாசிட்டிவ்னு வந்தா யாரோட நடத்தையையும் சந்தேகப்பட ஒண்ணுமில்ல, இத வீட்ல இருக்குற ஆம்பளைங்களும் படிக்கணும். முக்கால்வாசி பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே விரட்டிடும். போகாம உள்ளயே தங்கிட்டாதான் வம்பு, செல் கண்டபடி பெருகாம பிரேக் போடுற புரதங்கள அது செயலிழக்க வச்சிடும், அப்புறமும் கேன்சரா மாற பொதுவா 15, 20 வருஷம் ஆகும், எச்ஐவி மாதிரி எதிர்ப்பு சக்தி கொறஞ்சவங்களுக்கு இன்னும் சீக்கிரமே.

மாத்திரைல இருக்குற ஹார்மோன் இதுல எங்க வருதுன்னா, இப்படி வைரஸ் தங்கிட்ட இடத்துல கூடமாட ஒத்தாசை பண்ற மாதிரிதான். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்த மாத்திரைய 5 வருஷத்துக்கு மேல சாப்பிட்டா ரிஸ்க் கூடுதுங்கறது உண்மை, மறைக்க வேணாம். ஆனா நிறுத்தினா அது கொறைஞ்சுக்கிட்டே வந்து 10 வருஷத்துல சாப்பிடாதவங்க அளவுக்கே வந்துடும்னும் எழுதியிருக்கணும் இல்லையா? அதே மாத்திரை சினைப்பை கேன்சர், கர்ப்பப்பை உள்சுவர் கேன்சர் ரெண்டையும் கொறைக்குதுன்னும் சொல்லியிருக்கணும். நிறைய பிரசவம், புகைப்பழக்கம் இதுவும் ரிஸ்க் லிஸ்ட்ல இருக்கு, அதெல்லாம் கட்டுரைல காணோம்.

அட்டைய குப்பைல போட்டா வைரஸும் கூடவே போயிடாது. ஆரம்பத்துல வலி, ரத்தப்போக்கு எதுவும் இருக்காது, டெஸ்ட்லதான் தெரியும். 30 வயசுல ஆரம்பிச்சு எச்பிவி டெஸ்ட் 5லேர்ந்து 10 வருஷத்துக்கு ஒரு தடவ பண்ணா போதும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. பொண்ணுங்களுக்கு 9லேர்ந்து 14 வயசுக்குள்ள தடுப்பூசி, அது போட்டவங்களும் பெரியவங்க ஆனதும் டெஸ்ட்ட விடக்கூடாது.

அக்காவ ஒருவழியா பேசி சம்மதிக்க வச்சு நேத்து கூட்டிட்டு போனேன். சின்ன பிரஷ் மாதிரி ஒண்ணால சாம்பிள் எடுத்தாங்க, ரெண்டு நிமிஷம்கூட ஆகல, இதுக்கா இத்தன வருஷம் பயந்தேன்னு வெளிய வந்து என் கைய புடிச்சுக்கிட்டா. மாத்திரைய தொடரலாமா வேணாமான்னும் டாக்டர்கிட்டயே கேட்டுட்டா. ரிசல்ட்டுக்கு காத்திருக்கோம்.

தயவுசெஞ்சு அந்த கட்டுரைய திருத்தி இன்னொரு தடவ போடுங்க, இந்த தடவ வைரஸ் பேரு தலைப்புல வரட்டும்.

இப்படிக்கு,
உங்க வாசகி