பாராடங் போகிற நாளைப் பற்றி

தம்பி,

பாராடங் தீவுக்கு ஒரு நாள் போய் வர நீ அனுப்பிய திட்டத்தை அப்பாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். காலையில் சுண்ணாம்புக் குகை, அப்புறம் சேற்று எரிமலை, அப்புறம் பாலுடேரா கடற்கரை, சாயங்காலம் கிளித் தீவு என்று எல்லாவற்றையும் ஒரே நாளுக்குள் அடைத்து வைத்திருக்கிறாய். கிளித் தீவு அன்றைக்கு நடக்கவே நடக்காது. கிளிகள் கூட்டமாக வந்து அடைவது பொழுது சாயும் நேரத்தில், நாம் போர்ட் பிளேர் திரும்ப வேண்டிய கடைசி கான்வாயோ (காட்டு வழியில் வண்டிகளைக் காவலோடு ஒன்றாகச் சேர்த்து அனுப்புகிற வரிசை) பிற்பகலிலேயே கிளம்பிவிடும். கிளிகளைப் பார்க்க வேண்டுமானால் பாராடங்கிலேயே ராத்தங்க வேண்டும். குகையையும் விட்டுவிடு என்பது என் யோசனை. நல்ல இடம்தான், அலையாத்திக் காட்டுக்கு நடுவே படகில் போவதே தனி சுகம். ஆனால் படகுக்குக் காத்திருந்து, போய் இறங்கி, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, மறுபடி திரும்பி வருவதற்குள் பாதி நாள் போய்விடும், குட்டிக்கு எரிமலையில் பத்து நிமிஷம்தான் மிஞ்சும். இங்கே வருகிற கூட்டத்தில் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். வேகமாக ஏறி, வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும். என் பேரன் அப்படிச் சொல்லிவிட்டு இறங்கக் கூடாது.

ஆகவே எரிமலை, கடற்கரை, இரண்டு மட்டும்.

வழியைச் சொல்கிறேன். போர்ட் பிளேர் என்றே எழுதுகிறேன், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டாலும் இங்கே பேச்சில் பழைய பெயர்தான் வருகிறது. பாராடங் இங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஜிர்காடாங் செக்போஸ்டில் முதல் கான்வாய் காலை ஆறு மணிக்கு, அதைப் பிடிக்க வேண்டுமானால் வீட்டிலிருந்து மூன்றரைக்கே கிளம்பிவிட வேண்டும். குட்டியைத் தூக்கத்திலேயே தூக்கி வண்டியில் போட்டுக்கொள்ளலாம். அங்கே எல்லார் பெயரையும் ஃபாரத்தில் எழுதிக் கொடுத்து, அடையாள அட்டை காட்டி, வண்டியை வரிசையில் விட்டுக் காத்திருக்க வேண்டும், டீக்கடைகள் அந்த நேரத்துக்கே திறந்திருக்கும். முதல் கான்வாயை விட்டால் அடுத்தது சில மணி நேரம் கழித்துத்தான், அதில் போனால் கடற்கரை போச்சு. இந்த ஊரில் இன்னொன்றும் உண்டு. கடிகாரம் மெயின்லேண்ட் நேரத்தைக் காட்டும், சூரியன் தன் பாட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டு முன்னாலேயே போய்விடும். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. அதனால் விடியற்காலையைத் தூங்கிக் கழித்தால் பாதி நாள் போன மாதிரிதான்.

ஜிர்காடாங் தாண்டியதும் ஜாரவாப் பழங்குடி மக்களின் காடு. அவர்கள் காட்டு வழியாக நாம் போவது சரியா என்று மருமகள் போனில் கேட்டது நியாயமான கேள்வி, நான் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். 1956ஆம் வருஷச் சட்டப்படி அந்தக் காடு அவர்களுக்கென்று ஒதுக்கியது, நமக்கு அதில் நடுவே போகிற ரோடு மட்டும்தான். அந்த மக்கள் சில நூறு பேர்தான் இருக்கிறார்கள். 1990களின் கடைசி வரைக்கும் வெளியாட்களை அண்டவிடாமல் இருந்தவர்கள், அதற்கப்புறம்தான் வெளியே வர ஆரம்பித்தார்கள், வந்த கொஞ்ச நாளிலேயே 1999இல் அவர்களுக்குள் தட்டம்மை பரவியது. நமக்கு வந்து போகிற சாதாரண நோய் அவர்கள் உடம்புக்குப் பழக்கமே இல்லாதது. இந்த ரோட்டின் காட்டுப் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவு போட்டது, மூடவில்லை. வடக்கே இருக்கிற ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் ஜனங்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் அரிசி பருப்புக்கும் இதுதான் வழி என்கிறார்கள், அதுவும் பொய்யில்லை. ஆனால் நாம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, ஊர் பார்க்கப் போகிறோம். அது மனசில் இருக்கட்டும்.

அதனால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு நான் சொல்கிற மாதிரி இருங்கள். கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். போனை எல்லாம் பையில் போட்டு மூடிவிடுங்கள், கையில்கூட வைத்திருக்க வேண்டாம். வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது, எங்கேயும் நிற்காது, முந்திப் போகாது. படம் எடுப்பதும், பிஸ்கட் பழம் என்று எதையாவது நீட்டுவதும் சட்டப்படி குற்றம். 2012இல் ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லி எடுத்த வீடியோ ஒன்று வெளியே வந்து நாடே தலைகுனிந்தது, அதே வருஷம் சட்டத்தை இன்னும் கடுமையாக்கினார்கள். எனக்குச் சட்டத்தைவிட முக்கியமான விஷயம், குட்டி அவர்களைத் தேடிக்கொண்டு ஜன்னலில் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. "அதோ பார், அதோ பார்" என்று யாராவது கை நீட்டினாலும் நீ நீட்டாதே. இது அவர்கள் வீடு, நாம் வாசல் வழியாகப் போகிறோம், அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க மாட்டோம் என்று முந்தின நாளே அவனிடம் சொல்லிவிடு. சொன்னால் புரிந்துகொள்வான், அவனுக்கு அந்த வயசு வந்துவிட்டது. மரங்களைப் பார்க்கச் சொல். அந்தக் காட்டு மரங்களின் உயரத்தை நம் ஊர்ப் பக்கம் எங்கேயும் பார்க்க முடியாது.

மிடில் ஸ்ட்ரைட் என்கிற நீரிணைக் கரையில் ரோடு முடிந்துவிடும். வண்டி, பஸ், லாரி, ஜனங்கள் எல்லாரும் ஒரே வெஹிக்கிள் போட்டில் ஏறி அந்தப் பக்கம் நீலாம்பூர் ஜெட்டிக்குப் போக வேண்டும். கொஞ்ச நேரம்தான், குட்டிக்கு ரொம்பப் பிடிக்கும், பிடித்துக்கொள். அங்கே தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும், ஆனால் இந்த அலையாத்தி ஓடைகளில் உப்புநீர் முதலை உண்டு.

இப்போது எரிமலை. குட்டி போனில் "நெருப்பு வருமா பாட்டி" என்று கேட்டானே, அவனுக்கு நீயே முதலில் சொல்லி வைத்துவிடு, நெருப்புக் குழம்பு வராது. அது வருகிற எரிமலை பாரன் (Barren) தீவில் இருக்கிறது, போர்ட் பிளேருக்குக் கிழக்கே நடுக்கடலில், இந்தியாவில் உயிரோடு இருக்கிற நெருப்பு எரிமலை அது ஒன்றுதான். பாராடங்கில் இருப்பது சேறு. ஜீப் நிற்கிற இடத்திலிருந்து காட்டுக்குள் கொஞ்ச தூரம் மேடேறி நடந்தால் வெட்டவெளியாக ஓர் இடம், சுற்றி வேலி, நடுவில் சாம்பல் நிறத்தில் சேற்றுமேடு, அதில் சின்னச் சின்ன வாய்கள். கஞ்சி கொதிக்கிற மாதிரி மெதுவாக ஒரு குமிழ் எழும்பி, உப்பி, டப் என்று உடையும். ஆனால் சூடு கிடையாது, குளிர்ந்த சேறுதான். சில சமயம் ஒரு குமிழுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நிறைய நேரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் எல்லாரும் கிளம்பிப் போய்விடுகிறார்கள்.

நீங்கள் போகாதீர்கள். நிற்கிற நேரத்தில் அவனிடம் இதைச் சொல், பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் புவியியல் நடத்தினேன், இப்படி ஓர் இடத்தைக் காட்டிப் பாடம் சொல்கிற பாக்கியம் எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. நாம் நிற்கிற இந்தத் தீவுகளுக்கு மேற்கே கடலடியில் இந்தியத் தட்டு, அதாவது நம் நாட்டைச் சுமக்கிற பூமியோட்டுத் துண்டு, வந்து கிழக்கே இருக்கிற தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டே இருக்கிறது. போகிற போக்கில் அதன் முதுகில் இருக்கிற வண்டலும் மண்ணும் வழிக்கப்பட்டு, மடிந்து மடிந்து குவிந்து மேலே வந்ததுதான் அந்தமான் தீவுகளில் பெரும்பகுதி. அந்தக் குவியலுக்குள் ஆழத்தில் எத்தனையோ காலத்துக்கு முந்தைய செடிகொடி, கடல் உயிர்கள் எல்லாம் மக்கி வாயுவாகியிருக்கின்றன, முக்காலும் மீத்தேன். மேலே இருக்கிற பாரம் அழுத்த, வாயுவும் தண்ணீரும் சேர்ந்து களிமண்ணைக் கரைத்துக்கொண்டு எங்கே விரிசல் கிடைக்கிறதோ அங்கே ஏறி வருகிறது. குட்டி பார்க்கப் போகிற ஒரு குமிழ் அங்கிருந்து வருவது. மீத்தேன் என்பதால் அங்கே தீப்பெட்டி, சிகரெட் எதுவும் கூடாது, மாப்பிள்ளை வீட்டார் யாராவது கூட வருவதாக இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடு.

எப்போதும் இப்படிச் சாதுவாக இருப்பதும் இல்லை. 2004 டிசம்பர் 26 பூகம்பம், சுனாமி வந்ததே, அது ஆனதும் 2005 ஆரம்பத்தில் இது வெடித்துச் சேற்றை வாரி இறைத்தது. பூமி ஆடினதில் உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது வழி கண்டுபிடித்துவிட்டது. அதே பூகம்பத்தில் வடக்கு அந்தமான் கரை மேலே எழும்பியது, போர்ட் பிளேர் பக்கம் தரை கீழே இறங்கியது. சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடமெல்லாம் கடல்நீர் ஏறி இன்னும் அப்படியே கிடக்கிறது, இன்னொரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். அப்புறம் 2025 அக்டோபரில் பெரிய சத்தத்தோடு மறுபடி வெடித்தது, கொஞ்ச காலத்துக்கு யாரையும் பக்கத்தில் விடவில்லை. அதனால் போவதற்கு முந்தின நாள் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மருமகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள், சேற்றுக்குள் கழுத்து வரைக்கும் இறங்கி மிதக்கிறார்களே, அது கொலம்பியாவில் கார்த்தஹேனா பக்கத்தில் இருக்கிற டொட்டுமோ. அங்கே அது குளிக்கிற இடம். இங்கே அப்படி இல்லை, வேலியைத் தாண்டி ஓர் அடிகூட வைக்கக் கூடாது, காய்ந்த மாதிரி தெரிகிற இடத்திலும் அடியில் இளகி இருக்கும், வாய்களும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டே இரு.

அங்கிருந்து பாலுடேராவுக்கு வண்டியிலேயே போய்விடலாம். நான் பார்த்த வரைக்கும் ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் இருக்கிற கூட்டம் இங்கே இல்லை. அலை பெரிதாக இருக்காது. தண்ணீர் இறங்கியிருக்கிற நேரமானால் வெகுதூரம் பாறையும் சின்னக் குட்டைகளுமாகத் திறந்து கிடக்கும், குழந்தைக்கு அதுதான் நல்லது, அதனால் தேதி போடுவதற்கு முன்னால் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துக்கொள்ளலாம், அப்பா பார்த்துச் சொல்வார். கடலில் இறங்குவதாக இருந்தால் முதலில் அங்கே இருக்கிறவர்களிடம் கேளுங்கள், முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் கணுக்காலோடு சரி. ஓடை வந்து கடலில் சேருகிற பக்கம் போகவே வேண்டாம். மணல் ஈ கடிக்கும், கை கால் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிவிடு. கிளிஞ்சலும் பவளத் துண்டும் கரை முழுக்கக் கிடக்கும், குட்டி பொறுக்கி விளையாடட்டும், ஆனால் கிளம்பும்போது அங்கேயே போட்டுவிட வேண்டும். ஊருக்கு எடுத்துப் போக அனுமதி இல்லை, ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள், அப்போது அவன் அழுவதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது மேல்.

சாப்பாடு நான் கட்டித் தருகிறேன். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், குட்டிக்குத் தயிர் சாதம். பதினோரு மணிவாக்கில் கடற்கரை மரநிழலில் சாப்பிட்டுவிட்டு, அவன் தூங்கினால் தூங்கவிட்டு, ஒரு மணிக்கு எழுந்து ஜெட்டிக்குத் திரும்பிவிட வேண்டும். வெஹிக்கிள் போட்டில் சில நாள் வரிசை நீளமாக இருக்கும், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது கான்வாய் போய்விட்டது என்றால் அன்றைக்குத் திரும்ப முடியாது. திரும்பி வருகிற வழியிலும் போனை எடுக்காதீர்கள், காலையில் இருந்த அதே காடுதான்.

எல்லாருடைய ஆதாரும் அசலாகவே கொண்டு வாருங்கள், குட்டியுடையதும் சேர்த்து, போனில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வர வேண்டாம். அவனுக்கு வண்டி மலைப்பாதையில் வாந்தி வருமா என்று எழுது, இந்த ரோடு வளைவு ஜாஸ்தி. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், டிசம்பர் கடைசியில் அவர் கிடைப்பது கஷ்டம்.

அம்மா