'பிங்கர்டன்' தோல்விப் படைப்பா?

ஆசிரியருக்கு,

வீசர் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் 1996-இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பமான 'பிங்கர்டன்'-ஐ 'தோல்வி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அது சரியில்லை. முதல் ஆல்பத்தின் பளபளப்பு அதில் இல்லை, வாஸ்தவம்தான். வெளியிலிருந்து தயாரிப்பாளர் யாரையும் வைக்காமல் அவர்களே செய்தது, முதல் பாட்டிலேயே சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி உறுமுகிறது, டிரம்ஸ் பக்கத்து அறையில் அடிப்பதுபோல இடிக்கிறது, பாடகர் ரிவர்ஸ் குவோமோ கால் அறுவை சிகிச்சை, ஹார்வர்டு படிப்பு, தனிமை என்று மனதில் இருந்ததையெல்லாம் கூச்சமில்லாமல் கொட்டியிருக்கிறார். அப்போது யாருக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை. 'ரோலிங் ஸ்டோன்' என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் வாசகர்கள் அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்களில் ஒன்றாக ஓட்டுப் போட்டார்கள், அதே பத்திரிகை 2004-இல் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. குவோமோவே முதலில் அதைத் திட்டித் தீர்த்தவர், அப்புறம் 2010-இல் மேடையேறி முழு ஆல்பத்தையும் வாசித்தார். இந்தப் பாதிக் கதையை விட்டால் எப்படி?

எங்கள் வண்ணாரப்பேட்டையில் மொட்டை மாடியில் ஆம்ப்ளிஃபயர் வைத்துப் பழகும் பசங்க (கீழ் வீட்டு அக்கா கத்தும்வரைதான்) இந்த ஆல்பத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அடுத்த முறை எழுதுகிறவர் முழுசாக ஒருதரம் கேட்டுவிட்டு எழுதட்டும், அப்படியே டிசம்பர் கச்சேரிக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றை வடசென்னைப் பசங்களுக்கும் கொடுங்கள்.

ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21