புத்தாண்டு ஊழிய ஜெபம்: அசரியா பேராயரின் வழியில்

சபையாருக்கு ஸ்தோத்திரம். 1912 டிசம்பர் 29, புத்தாண்டுக்கு மூன்றே நாள் முன்பு, நம்ம வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் இங்கிலாந்து திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தெலுங்குச் சீமையின் தோர்ணக்கல்லில் அவர் கிராமத்து எளிய விசுவாசிகளையே நம்பினார். அவர் காலத்தில் அங்கே ஞானஸ்நானம் பெறுகிறவர் தன் தலையில் தானே கைவைத்து, “சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ” என்று சொல்லுவார். சபை வளர்ச்சி என்றதும் கட்டட நிதியைப் பேசும் நமக்கு இந்த ஆண்டு இந்த ஊழிய வாஞ்சையே தேவை என்று நினைக்கிறேன்.

ஜனவரி முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடுவோம். வாலிபர்களும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் அவசியம் வாருங்கள். நாம் போய்ச் சந்திக்க வேண்டிய ஒரு வீட்டை ஒவ்வொருவரும் யோசித்து வையுங்கள். அப்புறம், முதியவர்களை வண்டியில் அழைத்து வரக்கூடியவர்கள் இங்கே பதிவிடுங்கள்.