எக்ஸ்டென்ஷன் எழுதுறவங்களையும் கொஞ்சம் பாருங்க: நம்ம எடிட்டர் மெயின்டெய்னர்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்,

எடிட்டர்ல கூடுதல் வசதி சேக்குற எக்ஸ்டென்ஷன எப்படி எழுதணும்னு சொல்ற ஏபிஐ டாக்குமென்ட் அருமையா எழுதிருக்கீங்க, குறை அதுல இல்ல. ஒரு வரிய மாத்திட்டு அது வேலை செய்யுதான்னு கண்ணால பாக்குறதுக்குள்ள ஆகுற நேரம் இருக்கே, புதுசா எழுத வர்றவங்க அங்கதான் சலிச்சுப் போறாங்க.

என் முதல் எக்ஸ்டென்ஷன்ல ஒரு பட்டனோட பேர மாத்தணும், அவ்ளோதான். ஃபோல்டர ஜிப் பண்ணி, பழச அன்இன்ஸ்டால் பண்ணி, புதுச ஏத்தி, எடிட்டர மூடித் தொறந்து, விட்ட எடத்த தேடிப் பிடிச்சுப் பாத்தா ஒரு கமா விட்டுப்போயிருக்கும், மறுபடி மொதல்லேர்ந்து. எக்ஸ்டென்ஷன்கள் இருக்கிற ப்ளகின் ஃபோல்டர்ல ஒரு சிம்லிங்க் (நம்ம கோட் ஃபோல்டர நேரா காட்டுற இணைப்பு) போட்டா ஜிப்பே வேணாம்னு ஒரு வாரம் கழிச்சுதான் தெரிஞ்சுது, அதுவும் ஒரு பழைய பக் ரிப்போர்ட்டுக்கு அடியில யாரோ போறபோக்குல சொல்லிருந்தாங்க.

மாத்தினத உடனே ஓட்டிப் பாக்குற வசதி நடக்காத காரியம் இல்லையே. ஃபயர்ஃபாக்ஸுக்கு மொஸில்லா வெச்சிருக்கிற வெப்-எக்ஸ்ட் டூல்ல 'ரன்' கமாண்ட் குடுத்தா ஒரு தற்காலிக ப்ரொஃபைலோட, அதாவது தனி செட்டிங்ஸோட, பிரவுசர் தனியா தொறக்குது, ஃபைல சேவ் பண்ணா எக்ஸ்டென்ஷன் தானாவே ரீலோட் ஆகுது. விஎஸ் கோட்ல எஃப்5 தட்டினா நம்ம எக்ஸ்டென்ஷன் ஓடுற இன்னொரு விண்டோ வருது, பிரேக்பாயிண்ட் வெச்சு கோட வேணும்கிற வரியில நிறுத்திப் பாக்கலாம். க்யூஜிஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல ப்ளகின் ரீலோடர்னு இதுக்குன்னே ஒரு ப்ளகின் இருக்கு.

அந்தத் தனி ப்ரொஃபைல சாதாரணமா நெனைக்காதீங்க. அது இல்லாம நான் தினமும் வேலை செய்யுற செட்டிங்ஸ் மேலயே டெஸ்ட் பண்ணி, என் அரைகுறை கோட் செட்டிங்ஸ் இருக்கிற கான்ஃபிக் ஃபைல காலியாக்கிட்டு, ரெண்டு வருஷமா சேத்த ஷார்ட்கட் எல்லாம் போச்சு. தப்பு என் கோட்லதான், ஆனா தனி ப்ரொஃபைல்ல ஓட்டிப் பாக்க டெவலப்பர் மோடுன்னு ஒண்ணு இருந்திருந்தா அந்தச் சேதம் டெஸ்ட் ப்ரொஃபைலோட போயிருக்கும்.

அப்புறம் எக்ஸ்டென்ஷன் லோட் ஆகலன்னா சத்தமில்லாம விட்டுடாம, எந்த ஃபைல் எந்த வரின்னு லாக்ல சொல்லுங்க, ப்ளீஸ்.

ஃபைல் மாறுறத கவனிச்சு ரீலோட் பண்ற ஸ்கிரிப்டும், டெஸ்ட் ப்ரொஃபைலோட எடிட்டர தொறக்குற ஸ்கிரிப்டும் நானே எழுதி லினக்ஸ்ல ஓட்டிட்டு இருக்கேன், விண்டோஸ்ல சிம்லிங்க் பெர்மிஷன் தகராறு மட்டும் பாக்கி. இத சேத்துக்கச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் போட ரெடி. எடிட்டரோட கோட் இருக்கிற மெயின் ரெப்போலயே சேக்கலாமா, இல்ல தனி ரெப்போவா வெக்கணுமா, அத மட்டும் சொல்லுங்க.